கத்ரி கோபால்நாத்தின் குழல்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாயிலை ஒரு முறையேனும் கடந்தவர்களுக்கு அங்கே வீசும் காற்றைப் பற்றி நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உள்ளே நுழைவாரை முதலில் எதிர்நின்று தடுப்பது போலவும், சில அடிகள் சென்றபின் பின்நின்று தள்ளுவது போலவும் அது வீசும். பொதிகையின் இடைவெளி வழியே புகுந்து வரும் தென்மேற்குக் காற்று அது. சிறுவனாக இருந்த காலத்தில், அந்த வாயிலின் திண்ணையில் அமர்ந்து மாலைவேளையில் நாகஸ்வரம் கேட்டிருக்கிறேன். காற்று ஒரு கணம் ஓசையை நம்மிடம் கொண்டுவந்து கொடுக்கும். மறுகணம் பறித்துக்கொண்டு போய்விடும். மீதியை மனத்திலே நிரப்பிக்கொள்ள வேண்டும். நான் சங்கீதம் பயின்றவன் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் பூகோளமும் சொல்லிக்கொடுத்தவன். எனக்குள்ள இசையறிவெல்லாம் அந்தத் திண்ணையில் கிடைத்ததுதான்.

எங்கள் பகுதியார்க்கு நாகஸ்வரம் என்றால் ஒரு பெருமிதம் உண்டு. தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் இரயில் பாதையில் வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையே காருகுறிச்சி என்று ஒரு சிறு நிலையம் வரும். அவ்வூரில் 1921-ஆம் ஆண்டு பிறந்தவர் அருணாசலம். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, அவருக்குப்பின் அந்த வாசிப்பை நிலைநிறுத்தியவர். 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ப் படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாகஸ்வரம் இழைந்து சென்றதைக் கேட்டிராத தமிழர் அரியர். 1964-இல், நாற்பத்துமூன்று வயதிலேயே, அவர் மறைந்தார். இரயில் அந்த நிலையத்தில் நிற்கும்போதெல்லாம் என் தந்தையார் சன்னலுக்கு வெளியே ஒரு முறை பார்ப்பார்; ஒன்றும் சொல்லமாட்டார்.

இத்தகைய மண்ணில் வளர்ந்த நான் இன்று பேச வந்திருப்பது நாகஸ்வரத்தைப் பற்றியன்று. சாக்ஸபோன் என்னும் அயல்நாட்டுக் குழலைப் பற்றியும், அதைத் தம் வாழ்நாள் முழுதும் வாசித்த ஒருவரைப் பற்றியும்.

சாக்ஸபோனுக்குப் பிறந்த நாளும் தந்தையும் உண்டு. வயலினுக்கோ புல்லாங்குழலுக்கோ இன்னார்தான் தந்தை என்று சொல்ல முடியாது. இதற்கு முடியும். பெல்ஜியம் நாட்டின் தினான் என்னும் ஊரில் 1814-இல் பிறந்த அடால்ப் சாக்ஸ் என்பவர் பாரிஸ் நகரில் 1846-ஆம் ஆண்டு இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தம் பெயரையே அதற்கு வைத்தார். பிரெஞ்சு இராணுவத்தின் பேண்டு வாத்தியக் குழுக்களுக்கு, திறந்த மைதானத்தில் கணீரென்று கேட்கக்கூடிய, ஆனால் காதைத் துளைக்காத ஒரு குழல் தேவைப்பட்டது. அதற்கு இது பொருந்தியது. உடல் பித்தளை; ஆனால் ஊதுமிடத்தில் நாணலால் ஆன ஒற்றைத் தகடு. ஆகையால் பித்தளையால் செய்யப்பட்டிருந்தும் மேனாட்டார் இதனை மரக்குழல் இனத்திலேயே சேர்ப்பர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாகஸ்வரமும் மேலே குறுகிக் கீழே விரியும் குழல், சாக்ஸபோனும் அவ்வாறே. நாகஸ்வரத்தின் சீவாளியும் நாணலால் ஆனது. நாகஸ்வரம் தெருவில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னே போவதற்கென்று ஏற்பட்டது. சாக்ஸபோன் படை அணிவகுப்புக்கு முன்னே போவதற்கென்று ஏற்பட்டது. இரண்டும் கூரையின்கீழ்ப் பிறந்தவை அல்ல. ஒன்றையொன்று அறியாமல், வெவ்வேறு கண்டங்களில், வானத்தை நோக்கி ஊதுவதற்கென்றே அமைந்த குழல்கள் இவை.

இராணுவத்துக்கென்று செய்த கருவி எவ்வாறு ஜாஸ் சங்கீதத்தின் குரலாயிற்று என்பது தனிக் கதை. அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட நீக்ரோ மக்களின் வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இசை ஜாஸ். கோல்மன் ஹாக்கின்ஸ் என்பவர் சாக்ஸபோனை அதில் தனி வித்வானுக்குரிய கருவியாக உயர்த்தினார். 1920-இல் பிறந்த சார்லி பார்க்கர் அதன் போக்கையே மாற்றினார். முப்பத்துநான்கு வயதில், 1955-இல் மறைந்தார். அதாவது நம் காருகுறிச்சியாரைவிட ஓராண்டே மூத்தவர். பின்னர் வந்த ஜான் கோல்ட்ரேன் நம் நாட்டு இராகங்களைத் தேடிக் கேட்டவர். 1961-இல் ‘இந்தியா’ என்றே பெயரிட்டு ஓர் இசைக்கோவையை வாசித்தார். 1965-இல் தமக்குப் பிறந்த மகனுக்குச் சிதார் வித்வான் இரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயர் வைத்தார். 1967-இல், நாற்பது வயதில், அவரும் மறைந்தார். ஊதும் கருவிக்கு உயிரைக் கொடுக்கிறவர்கள் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது இவர்களைப் பொறுத்தவரை மெய்யாகவே போய்விட்டது.

அங்கிருந்து இராகத்தைத் தேடி ஒருவர் கைநீட்டினார் எனில், இங்கிருந்து அந்தக் குழலை நோக்கி ஒரு கை நீண்டது. அந்தக் கைக்கு உரியவரே கத்ரி கோபால்நாத்.

தென் கன்னட மாவட்டத்தில் மங்களூரை அடுத்த சஜீபமூடா என்னும் ஊரில் 1949 டிசம்பர் 6-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் தனியப்பா நாகஸ்வரக் கலைஞர். மகனும் முதலில் கற்றது நாகஸ்வரமே. சிறு பிராயத்தில் மைசூர் அரண்மனையின் பேண்டு வாத்தியக் குழுவில் சாக்ஸபோன் ஒலிப்பதைக் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் இதுவே இனித் தம் கருவி என்று உறுதி செய்துகொண்டார். மங்களூரில் கலாநிகேதனத்தைச் சேர்ந்த கோபாலகிருஷ்ண ஐயரிடம் சங்கீதம் பயின்றார். பின்பு சென்னைக்கு வந்து, பாட்டிலும் மிருதங்கத்திலும் வல்லவரான டி.வி. கோபாலகிருஷ்ணனின் மாணவரானார். சாக்ஸபோனைத் தம் வழிக்குக் கொண்டுவர அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன என்பர்.

இருபது ஆண்டுகள் எதற்கு என்று கேட்கலாம். நாகஸ்வரத்தில் விரல் நேரே துளையின்மேல் படுகிறது. துளையை முக்காலும் மூடலாம், அரையும் மூடலாம், மெல்ல மெல்லத் திறக்கலாம். அதனால் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம். ஓரிடத்தில் நின்று அசைக்கலாம். இந்த அசைவே கமகம்; கமகம் இல்லாத தோடி தோடியாகாது. சாக்ஸபோனில் விரல் துளையைத் தொடுவதே இல்லை. விரல் ஒரு சாவியை அழுத்துகிறது. சாவி ஒரு மூடியை இயக்குகிறது. மூடி துளையை அடைக்கிறது. அது திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். மேனாட்டுச் சங்கீதத்துக்கு அது போதும். படிக்கட்டில் ஏறி இறங்குவது போல ஸ்வரங்கள் தனித்தனியே நிற்கும். நமக்கோ படிக்கட்டு உதவாது. சரிவுப் பாதை வேண்டும். ஆகவே விரல் செய்ய இயலாததை உதட்டாலும் நாவாலும் மூச்சாலும் செய்ய வேண்டியிருந்தது. கருவியிலும் தம் தேவைக்கேற்பச் சில மாறுதல்களைக் கோபால்நாத் செய்துகொண்டார். வேகமான பிருகாக்களை வாசிப்பதைக் காட்டிலும், விளம்ப காலத்தில் ஒரு காந்தாரத்தை அசைத்து நிறுத்துவதுதான் அந்தக் குழலில் அரும்பாடு என்று சங்கீதம் தெரிந்த நண்பர் ஒருவர் எனக்கு விளக்கினார்.

அயல்நாட்டுக் கருவி நம் சங்கீதத்துள் புகுவது புதிதன்று. வயலின் அவ்வாறு வந்ததே. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் அதைக் கற்று, பின்னாளில் நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக விளங்கினார். கிளாரினெட்டு சதிர்க் கச்சேரி வழியாக வந்தது, திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதைப் பெரிய மேடையில் ஏற்றினார். மாண்டலினுக்கு ஒரு ஸ்ரீநிவாஸ் வாய்த்தார். வயலின் இன்றைக்கு அயல் கருவி என்று சொன்னால் குழந்தைகளும் சிரிக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும், புகும் காலத்தில், வாயிலில் நின்று மறித்தவர்கள் இருந்திருப்பார்கள். நானும் ஒரு வாயிலில் நின்று மறித்தவன். அதனை இங்கே சொல்லாமல் போவது நேர்மையாகாது.

1984-ஆம் ஆண்டு. நான் பணியேற்ற புதிது. பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு மாணவன் நாகஸ்வரக் குடும்பத்தைச் சேர்ந்தவன். அவன் தந்தையார் சுற்றுவட்டாரக் கோயில்களிலும் கலியாணங்களிலும் வாசிப்பவர். ஒருநாள் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, நாற்காலியைக் காட்டியும் அமராமல், “சார்வாள், பையன் பேண்டுக்காரன் ஒருத்தன்கிட்ட இருந்து பழைய சாக்ஸபோன் ஒண்ணை வாங்கிட்டு வந்துட்டான். சீவாளியைத் தொடமாட்டேங்கான். நீங்க சொன்னாத்தான் கேப்பான்” என்றார். பையனை அழைத்தேன். பரம்பரைச் செல்வத்தை உதறிவிட்டுப் பவனிக்காரர் ஊதும் பித்தளையைப் பிடித்துக்கொள்வது அழகா என்று கேட்டேன். தோடி அதில் பேசுமா என்றும் கேட்டேன். நான் தோடியைப் பற்றி என்ன அறிவேன்? ஆயினும் கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு வெற்றிபோலவே இருந்தது.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. ஒருநாள் இரவு திருநெல்வேலி வானொலியில் கச்சேரி ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது. தாமதமாகத் திருப்பியதால் வித்வானின் பெயர் தெரியவில்லை. கலியாணி இராகம் என்பது மட்டும் எனக்கே புலப்பட்டது. என் மனைவியிடம், “நாகஸ்வரம் எவ்வளவு இதமாக இருக்கிறது பார்! யாரோ புதிதாக வந்திருக்கிறார் போலும்” என்று கூறினேன். முடிவில் அறிவிப்பாளர், கத்ரி கோபால்நாத், சாக்ஸபோன் என்றார். நான் வானொலிப் பெட்டியை அணைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

பின்னர் ஒன்று தெரிந்துகொண்டேன். நான் அந்தப் பையனைக் கண்டித்தபோது கோபால்நாத்தின் பெயர் கடல் கடந்துவிட்டிருந்தது. 1980-இல் பம்பாயில் ‘ஜாஸ் யாத்ரா’ என்னும் விழா நடந்தது. அதற்கு அமெரிக்க நாட்டின் சாக்ஸபோன் வித்வான் ஜான் ஹாண்டி வந்திருந்தார். அவர் நம் இசைக்குப் புதியவர் அல்லர். சரோது மேதை அலி அக்பர் கானுடன் சேர்ந்து இசைத்தட்டு வெளியிட்டவர். கோபால்நாத் வாசிப்பதைக் கேட்டவர், தம்முடன் ஒரே மேடையில் வாசிக்க வேண்டுமென்று அவரை அழைத்தார். ஜாஸ் வித்வான் மனோதர்மத்துக்குப் புறம்பானவர் அல்லர். அவருக்கும் ஒரு பல்லவி உண்டு, அதைச் சுற்றி அவரும் அந்தக் கணத்தில் கற்பித்து வாசிப்பார். ஆனால் அவருக்கு அடியில் பல ஸ்வரங்கள் ஒருங்கே ஒலிக்கும் ஒத்திசைவு மாறிக்கொண்டே போகும். நமக்கோ அடியில் சுருதி ஒன்றே அசையாமல் நிற்கும். இவ்விரண்டையும் ஒரே மேடையில் அமர்த்துவது எளிதன்று. கோபால்நாத் இதன்பின் ஜாஸ் வித்வானாக மாறிவிட்டார் என்று சிலர் எழுதுவதுண்டு. அது பிழை. எந்த நாட்டாரோடு வாசித்தாலும் அவர் வாசித்தது இராகம்தான்.

அவர் புகழின் பிற்பகுதியை விரைவாகச் சொல்லிவிடலாம். 1994-இல் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் பி.பி.சி. நடத்தும் பிராமனேடு கச்சேரி வரிசையில் வாசித்தார். கருநாடக சங்கீதத்துக்கு அந்த வரிசையில் அதுவே முதல் அழைப்பு என்பர். அதே ஆண்டில் கே. பாலசந்தரின் ‘டூயட்’ படம் வெளிவந்தது. கதாநாயகன் சாக்ஸபோன் வாசிப்பவன், இசை ஏ.ஆர். ரகுமான், திரைக்குப் பின்னே ஊதியவர் கோபால்நாத். கச்சேரிக்கே போகாத தமிழர்களும் கலியாண வசந்தம் என்னும் இராகத்தை, பெயர் அறியாமலேனும், அந்தப் படத்தால் முணுமுணுத்தார்கள். எங்கள் பள்ளியில் இடைவேளையில் பிள்ளைகள் கையை மடக்கி வாயில் வைத்துக்கொண்டு ஊதிக்காட்டுவார்கள். 2004-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2019 அக்டோபர் 11-ஆம் நாள், அறுபத்தொன்பது வயதில், மங்களூரில் காலமானார். மறுமாதம் எங்கள் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஆகவே அந்த ஆண்டு எனக்கு மறப்பதில்லை.

அவர் மறைந்த செய்தி வந்த அன்று மாலை, என் வீட்டு வாசலில் ஒருவர் நின்றார். ஐம்பது வயது, கண்ணாடி, கையில் செல்போன். அதில் அந்தச் செய்தி. முப்பத்தைந்து ஆண்டுகளாகியும் முகம் தெரிந்தது. பத்தாம் வகுப்புக்குப் பின் கேரளத்துக்கு வேலைக்குப் போய், அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதி, இப்போது ஊர் திரும்பியிருந்தார். சாக்ஸபோனையும் எடுக்கவில்லை, நாகஸ்வரத்தையும் எடுக்கவில்லை. தந்தையார் இறந்தபின் அவருடைய சீவாளிப் பெட்டி பரணில் இருக்கிறதாம்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கும் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ வேறொன்றைச் சொன்னார். பரம்பரையை நான் உயர்த்திப் பேசியபோது தம் மனத்தில் ஓடியது இசையே அன்று என்றார். ஒரு கலியாணத்தில் தம் தந்தையார் முகூர்த்தம் முடியும்வரை நின்றுகொண்டே வாசித்ததையும், கடைசிப் பந்தியில் உண்டதையும் பார்த்திருந்தாராம். அதே கலியாணத்தின் ஊர்வலத்துக்கு வந்த பேண்டுக்காரர்களுக்குச் சீருடையும், காலில் பூட்ஸும், உட்கார நாற்காலியும் இருந்தனவாம். “எனக்கு அந்த நாற்காலிதான் சார் வேணும்னு இருந்துச்சு” என்றார்.

சரித்திரம் கற்பித்த எனக்கு இது தோன்றாமற் போயிற்று. இராஜரத்தினம் பிள்ளை தலைமயிரைக் கிராப்பு வெட்டிக்கொண்டு, மேனாட்டு உடையணிந்து, அமர்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றது எதற்காக? இசைக்காக மட்டுமா? சென்னைச் சபைகளின் டிசம்பர் விழாக்களில் நாகஸ்வரத்துக்குத் தொடக்க நாளின் மங்கள இசை என்னும் இடம் உண்டு. மாலைவேளையின் பிரதானக் கச்சேரி அருமையாகவே வாய்க்கும். நாகஸ்வரக்காரரின் மகனான கோபால்நாத், சாக்ஸபோனைக் கையிலெடுத்ததும், பட்டுச் சட்டையும் மோதிரங்களுமாக, மைக்கின் முன்னே, பக்கத்தில் கன்னியாகுமரி அம்மையாரின் வயலினோடு அந்த மாலைவேளையில் அமர்ந்தார். அவர் அதற்காகத்தான் கருவி மாறினார் என்று நான் கூறவில்லை. அரண்மனையில் கேட்ட ஓசை அவரைப் பிடித்தது என்பதே உண்மை. ஆனால் ஓசை ஒன்றாகவே இருக்க, குழலை மாற்றியதும் இருக்கையும் மாறியது என்பதும் உண்மை. சாக்ஸபோனை வாயிலில் மறிப்பதற்குச் செலவிட்ட சொற்களில் பாதியையாவது நாகஸ்வரக்காரருக்கு ஒரு நாற்காலி போடுவதற்கு நாம் செலவிட்டிருக்கலாம்.

அதன்பின் அவர் அடிக்கடி வருகிறார். சென்ற ஆண்டு குற்றாலத்தில் சீசன் நன்றாக இருந்த ஒருநாள் இருவரும் அங்கே ஓர் உறவினர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். ஐந்தருவிப் பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. என் பேரன் செல்போனில் ஓர் இசைத்தொகுப்பைப் போட்டுக்கொடுத்தான். 2008-இல் அமெரிக்காவில் வெளியானது. பெயர் ‘கின்ஸ்மென்’, அதாவது உறவின்முறையார். கோபால்நாத்தும் ருத்ரேஷ் மகந்தப்பா என்னும் ஜாஸ் வித்வானும் சேர்ந்து வாசித்தது. மகந்தப்பாவின் பெற்றோர் கன்னட நாட்டார். அவர் வளர்ந்தது அமெரிக்காவில். அங்கே இசைக்கல்லூரியில் படித்த நாளில் அவருடைய அண்ணன் விளையாட்டாக வாங்கிக் கொடுத்த ஒரு கோபால்நாத் இசைத்தட்டே அவரை இப்பக்கம் திருப்பியதாம். பின்பு அவர் இங்கே வந்து கோபால்நாத்தைத் தேடிக் கண்டுகொண்டார். தாய்நாட்டு இசையை அறியாமல் வளர்ந்த பிள்ளைக்கு, அயல்நாட்டுக் குழலே அதை அடைய வழியாயிற்று.

இரண்டு குழல்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சென்றன. எனக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன. எங்கே ஒருவர் நிறுத்துகிறார், எங்கே மற்றவர் எடுக்கிறார் என்பதே விளங்கவில்லை. நண்பர் கண்களை மூடியிருந்தார். அவர் வலக்கை விரல்கள் முழங்காலின்மேல் அசைந்துகொண்டிருந்தன. சாவியை அழுத்தும் விரல்களின் அசைவாக அது தோன்றவில்லை. துளையைப் பாதி மூடிப் பாதி திறக்கும் விரல்களாகவே தோன்றின.

“எது அவரு, எது அந்தப் பையன்னு உனக்குத் தெரியுதா?” என்று கேட்டேன்.

“தெரியுது சார்” என்றார் கண்ணைத் திறவாமலே. “மூச்சு வாங்குற இடத்துல தெரியுது.”